கடை இல்லாமல் சேலை வியாபாரம்: நேரில் விற்றுச் சம்பாதிக்கும் வழி

திண்டுக்கல்லில் கடை எதுவும் வைக்காமல் சேலை விற்றுக் குடும்பம் நடத்துகிறேன். பள்ளிக்கூட டீச்சர்கள், ஆஸ்பத்திரி நர்சுகள், வங்கியில் வேலை பார்க்கும் பெண்கள், சுற்றுக் கிராமங்களில் மகளிர் குழுவில் இருப்பவர்கள், எங்கள் தெருக்காரர்கள் ஆகியோர்தான் என் வாடிக்கையாளர்கள். எல்லோரையும் முகம் பார்த்துப் பேசத் தெரியும். யார் வீட்டில் அடுத்து என்ன விசேஷம் என்பதும் தெரியும். "அக்கா, நானும் இதைச் செய்யலாமா? எவ்வளவு முதல் போடணும்? கையில் என்ன நிற்கும்?" என்று கேட்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அவர்களுக்கு நேரில் சொல்வதை இங்கே விவரமாக எழுதுகிறேன்.

நேரடி விற்பனை என்று நான் சொல்வது ஒரே ஒரு விஷயத்தைத்தான். சரக்கை மொத்த விலைக்கு வாங்கி, உடுத்தப்போகிறவர் கையில் நாமே கொண்டுபோய்க் கொடுத்து, நடுவில் இருக்கும் விலை வித்தியாசத்தில் சம்பாதிப்பது. ஆள் சேர்த்துவிட்டுக் கமிஷன் வாங்குவது வேறு. அதைப் பற்றியும் பின்னால் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டையும் ஒன்றாக நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறைய.

லாபம் எங்கே இருக்கிறது

சின்னாளப்பட்டியில் ஒரு பருத்திச் சேலையை 500 ரூபாய்க்கு எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே சேலையைக் கடைக்காரர் 800 ரூபாய்க்குப் போட்டால் அதில் தவறு எதுவும் இல்லை. கடை வாடகை, அட்வான்ஸ், கரண்ட் பில், விற்பனைக்கு நிற்கும் பிள்ளைகளின் சம்பளம், கண்ணாடி அலமாரி எல்லாம் அந்த 300 ரூபாய்க்குள்தான் வர வேண்டும். நமக்கு இந்தச் செலவுகள் கிடையாது. அதனால் 650 ரூபாய்க்குக் கொடுக்க முடிகிறது. வாங்குகிறவருக்கு 150 ரூபாய் மிச்சம், நமக்கும் 150 ரூபாய் லாபம். அந்த 150இல் போக்குவரத்து, கவர், போன் செலவு, அவ்வப்போது குறைத்துக் கொடுப்பது எல்லாம் போக 110, 120 ரூபாய் கையில் நிற்கும்.

இங்கேதான் பலர் கணக்கைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். "ஒரு சேலைக்கு நூறு ரூபாயா, போதாதே" என்கிறார்கள். 20 சேலைக்கு 10,000 ரூபாய் முதல். 20ம் விற்க ஒரு மாதம் ஆனால் செலவு போகக் கையில் நிற்பது 2,200 ரூபாய். அதே 20 சேலை பதினைந்து நாளில் விற்றுத் திரும்ப வாங்க முடிந்தால் 4,400. முதல் அதே 10,000தான். ஒரு சேலைக்கு எவ்வளவு லாபம் என்பதைவிட, போட்ட பணம் எவ்வளவு சீக்கிரம் திரும்பிக் கைக்கு வருகிறது என்பதுதான் இந்தத் தொழிலில் வருமானத்தைத் தீர்மானிக்கிறது. முதல் மாதத்திலேயே வீட்டு வாடகையை இதிலிருந்து கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வாடிக்கையாளர் கூடக் கூட, அவர்கள் திரும்பத் திரும்ப வாங்க வாங்கத்தான் வருமானம் ஏறும்.

பணம் சீக்கிரம் திரும்ப வேண்டுமென்றால் என்ன செய்ய வேண்டும்? கேட்டுவிட்டு வாங்க வேண்டும். நேரில் விற்பதன் மிகப் பெரிய பலம் இதுதான் என்பது என் தீர்மானமான கருத்து. கடைக்காரர் வாங்கி அடுக்கிவிட்டு ஆள் வரும் என்று காத்திருக்க வேண்டும். நாம் அப்படி இல்லை. "வைகாசியில் தங்கச்சிக்குக் கல்யாணம், மாமியாருக்குச் சின்னக் கரை போட்ட மாம்பழ மஞ்சள் வேணும், ஐநூறு அறுநூறுக்குள்ள" என்று ஒருவர் வாயால் சொல்லிவிட்டால் அந்தச் சேலை வாங்கும்போதே பாதி விற்றுவிட்டது. நான் சரக்கு எடுக்கப் போகும்போது நோட்டில் இப்படிப் பத்துப் பன்னிரண்டு தேவைகளாவது எழுதியிருக்கும். மிச்சத்தை என் கண்ணுக்குப் பிடித்ததாக எடுப்பேன்.

இன்னொரு நன்மை நேரம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கிளம்பி, அவர்கள் திரும்புவதற்குள் வந்துவிடலாம். தையல் வேலை, டியூஷன், ஆட்டுக்குட்டி வளர்ப்பு என்று ஏற்கெனவே செய்வதை விடாமல் கூடவே இதையும் செய்யலாம். எங்கள் பக்கத்துப் பெண்களுக்குப் பெரிய உதவியாக வந்தது பேருந்து. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஊர் ஊராகப் போய் விற்கிறவர்களுக்கு இது நேராக லாபத்தில் சேருகிறது. மூட்டையைப் பெரிதாகக் கட்டினால் லக்கேஜ் டிக்கெட் கேட்பார்கள். தோளில் மாட்டும் இரண்டு பைகளுக்குள் அடங்குமாறு வைத்துக்கொள்ளுங்கள். விற்பனைக்கும் அதுதான் நல்லது, நாற்பது சேலையை விரித்துக் காட்டினால் வாங்க வந்தவர் குழம்பி, "அப்புறம் பார்க்கிறேன்" என்று எழுந்துவிடுவார். பன்னிரண்டு போதும்.

எங்கே வாங்குவது, எப்படிப் பார்த்து வாங்குவது

எனக்குச் சின்னாளப்பட்டி கூப்பிடு தூரம். திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் வழியில் இருக்கிறது. சுங்குடிக்குப் பேர் போன ஊர். மதுரைச் சுங்குடி என்று 2005இல் புவிசார் குறியீடு வாங்கியது, சௌராஷ்டிர மக்கள் துணியில் கையால் சின்னச் சின்ன முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்துப் புள்ளி எடுக்கும் வேலை. இன்று சந்தையில் சுங்குடி என்று விற்பதில் பெரும்பகுதி அச்சுப் போட்டது. இரண்டுக்கும் விலையும் வேறு, உழைப்பும் வேறு. வாங்குகிறவரிடம் எது எது என்று சொல்லியே விற்க வேண்டும். கை முடிச்சு என்றால் புள்ளிகள் ஒன்றுக்கொன்று லேசாக மாறியிருக்கும், அச்சில் எல்லாம் ஒரே அளவாக இருக்கும். இதை வாடிக்கையாளருக்கே காட்டிக் கொடுங்கள். அடுத்த முறை வேறு யாரும் அவரை ஏமாற்ற முடியாது. அவரும் உங்களை விட்டுப் போகமாட்டார்.

ஈரோட்டுப் பக்கம் இருப்பவர்களுக்குக் கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தை இருக்கிறது, வாரச் சந்தை திங்கள் ராத்திரி தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும். சேலத்துக்காரர்களுக்கு இளம்பிள்ளை. கோவை, பொள்ளாச்சிப் பக்கம் நெகமம் காட்டன். காரைக்குடி என்றால் கண்டாங்கி. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் நெய்கிற ஊர் எது என்று முதலில் பாருங்கள். பக்கம் என்றால் அடிக்கடி போய்க் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம், போகாததை மாற்றலாம், தறிக்காரரிடமே சந்தேகம் கேட்கலாம். தொடங்கும்போது ஒரே வகைச் சரக்கு போதும். சேலை, நைட்டி, சுடிதார், பெட்ஷீட் என்று எல்லாவற்றிலும் இரண்டு இரண்டு எடுத்தால் எதிலும் நமக்கு விவரம் தெரியாது. பருத்திச் சேலையை மட்டும் விற்றால் ஆறே மாதத்தில் கையால் தொட்டே நூலின் தரம் சொல்லலாம். அந்த விவரத்துக்குத்தான் வாடிக்கையாளர் நம்மைத் தேடுவார்.

எடுக்கும்போது அவசரமே வேண்டாம். சேலையைப் பிரித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். இழை விட்டது, முடிச்சு நிற்பது, சாயம் திட்டுத் திட்டாக இருப்பது எல்லாம் தெரியும். முந்தியும் உள் மடிப்பும் முக்கியம், குறை பெரும்பாலும் மடிப்புக்குள்தான் ஒளிந்திருக்கும். நீளம் அளந்து பாருங்கள். சேலை மட்டும் ஐந்தரை மீட்டர், பிளவுஸ் பிட்டோடு என்றால் ஆறு மீட்டருக்கு மேல் வர வேண்டும். உயரமான பெண்களும் உடம்பு பருத்த பெண்களும் கொசுவம் போதவில்லை என்று திருப்பித் தருவது இந்த நீளக் குறையால்தான். சிவப்பு, கருநீலம், கரும்பச்சை போன்ற நிறங்களில் ஈரக் கைக்குட்டையின் முனையை ஒரு மூலையில் தேய்த்துப் பாருங்கள். லேசாக ஒட்டினால் பரவாயில்லை, முதல் அலசலில் போய்விடும். கைக்குட்டையே நிறம் மாறினால் அந்தச் சேலையை வைத்துவிடுங்கள்.

பணம் கொடுக்கும் முன் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். "மடிப்புக் கலையாமல் கொண்டுவந்தால் மாற்றித் தருவீங்களா? எத்தனை நாளைக்குள்?" சில மொத்தக் கடைகளில் மாற்றித் தருவார்கள், சிலவற்றில் மாட்டார்கள். மாற்றித் தருகிறவர் பத்து ரூபாய் கூடச் சொன்னாலும் அவரிடம் வாங்குங்கள். புதிதாகத் தொடங்குகிறவருக்கு அந்தப் பத்து ரூபாய் பெரிய பாதுகாப்பு. பில் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

எப்போது, யாரிடம்

அரசு ஊழியர்களுக்கு மாதக் கடைசியில் சம்பளம் ஏறிவிடும். தனியார் பள்ளி, ஆஸ்பத்திரி, மில் என்றால் ஐந்திலிருந்து பத்து தேதிக்குள். கிராமத்துப் பெண்களுக்கு மகளிர் உரிமைத் தொகை 15ஆம் தேதியை ஒட்டி வருகிறது. இந்த மூன்றையும் காலண்டரில் குறித்து வைத்துக்கொண்டால் மாதம் முழுவதற்கும் போக இடம் இருக்கும். முதல் வாரம் டவுன், இரண்டாவது வாரம் ஆஸ்பத்திரிகள், பதினைந்துக்கு மேல் கிராமங்கள் என்பது என் வழக்கம். கடைசி வாரம் புதுச் சரக்கு எடுப்பதற்கும் பாக்கி பார்ப்பதற்கும்.

வருஷத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பழனிக்கு நடந்து போகிறவர்கள் எங்கள் மாவட்டத்தில் ஏராளம், அதற்கு முன்பே பச்சைச் சேலை கேட்டு வைப்பார்கள். மார்கழியில் மேல்மருவத்தூருக்கு மாலை போடுகிறவர்களுக்குச் சிவப்பு. ஆடியில் அம்மன் கோயிலுக்கு மஞ்சளும் சிவப்பும். இதிலெல்லாம் விலை குறைவாக இருக்க வேண்டும், வெயிலில் நடக்க லேசாக இருக்க வேண்டும், அலசினால் சீக்கிரம் காய வேண்டும். கரையைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். நவராத்திரிக்கு ஒன்பது நாளும் ஒவ்வொரு நிறம் என்று அலுவலகப் பெண்கள் கட்டுவது இப்போது பரவிவிட்டது, அந்தப் பட்டியல் போனில் சுற்றத் தொடங்கியதும் யாரிடம் எந்த நிறம் இல்லை என்று கேட்டுவிடுவேன். ரம்ஜானுக்குப் பேகம்பூர்ப் பக்கம், டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு நம் வாடிக்கையாளர்களில் கிறிஸ்தவக் குடும்பங்கள், அப்புறம் பொங்கல். தீபாவளிக்கு மட்டும் நான் பெரிதாகச் சரக்கு ஏற்றுவதில்லை. அந்த மாதம் எல்லோரும் குடும்பத்தோடு கடைக்குப் போகத்தான் ஆசைப்படுவார்கள். பெரிய கடைகளோடு போட்டி போட வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. வீட்டு வேலை செய்யும் அம்மாவுக்கு, சமையல்கார அக்காவுக்கு வாங்கிக் கொடுக்கும் சேலைகளை மட்டும் முன்கூட்டியே ஆர்டராக எடுத்துக்கொள்வேன். அது நல்ல எண்ணிக்கை வரும்.

பள்ளிக்குப் போனால் முதலில் தலைமை ஆசிரியரிடம் அனுமதி. மதியச் சாப்பாட்டு நேரத்தைத் தவிர வேறு நேரத்தில் பையைத் திறக்கவே கூடாது. ஆஸ்பத்திரி என்றால் வார்டுக்குள் போகக் கூடாது. ஷிப்ட் மாறும் நேரத்தில் நர்சுகள் உடை மாற்றும் அறைப் பக்கமோ ஹாஸ்டலிலோ பாருங்கள். அபார்ட்மெண்ட் என்றால் சங்கத்தில் சொல்லிவிட்டு, யாராவது ஒருவர் வீட்டில் உட்காருவது நல்லது. கதவு கதவாகத் தட்டினால் வாட்ச்மேனுக்கும் சங்கடம், வீட்டுக்காரர்களுக்கும் எரிச்சல். தெரியாத வீட்டுக்குள் தனியாகப் போகாதீர்கள். ஆண்கள் மட்டும் இருந்தால் திண்ணையோடு சரி. எங்கே போகிறோம் என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

பேசுவது எப்படி

பேச்சுத் திறமை வேண்டும் என்று பயந்தே பலர் தொடங்குவதில்லை. சொல்லப்போனால் அதிகம் பேசுகிறவர்களுக்கு இந்தத் தொழில் நிற்பதில்லை. பழைய சேலையைப் பற்றிக் கேட்டுத்தான் புதுச் சேலையைத் திறக்க வேண்டும்.

"டீச்சர், போன தடவை எடுத்தீங்களே, அந்தப் பச்சை எப்படி இருக்கு? சாயம் போச்சா?"

"முதல் தடவை கொஞ்சம் போச்சும்மா. நீ சொன்ன மாதிரி உப்புத் தண்ணியில ஊற வச்சுத் தனியா அலசினேன். அப்புறம் போகலை. ஆனா கஞ்சி போடாம கட்ட முடியல, தொய்யுது."

"அப்ப உங்களுக்கு இன்னும் கொஞ்சம் கனமா பார்க்கிறேன் டீச்சர். இந்தப் பையில இருக்கிறது எல்லாமே அதே மாதிரிதான், இன்னைக்கு வேணாம்."

இப்படி "இன்னைக்கு வேணாம்" என்று நாமே சொல்லும் நாளில் விற்பனை குறையும். ஆனால் அடுத்த முறை கனமான சேலை கொண்டுபோகும்போது விலை பேசாமல் எடுப்பார், பக்கத்து டீச்சரையும் கூப்பிடுவார். அவருக்கு ஒரு நிறம் எடுக்காது என்று தெரிந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். கடையில் சம்பளத்துக்கு நிற்கும் பிள்ளை அப்படிச் சொல்ல முடியாது. நம்மால் முடியும்.

போனில் படம் அனுப்புவது துணைக்குத்தான். போட்டோவில் மாம்பழ மஞ்சள் எலுமிச்சை மஞ்சளாகத் தெரியும், அரக்குச் சிவப்பு ரோஸாகத் தெரியும். படத்தைப் பார்த்து "அதை எடுத்து வை" என்று சொன்னவரிடமும், நேரில் பார்த்து மனசு மாறினால் தாராளமாக மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லி வையுங்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைக் காலை நேரத்தில், ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த படமாகப் போடுங்கள், விலையையும் அதிலேயே எழுதுங்கள். விலைக்குத் தனியாகக் கேட்க வைத்தால் பாதிப் பேர் கேட்கமாட்டார்கள்.

கடன்

முன்பெல்லாம் சைக்கிள் கேரியரில் மூட்டை கட்டிக்கொண்டு தெருவில் வருகிற சேலைக்காரர் வாரத் தவணையில் கொடுத்துவிட்டுப் போவார். அந்தப் பழக்கம் நம் ஊரில் இன்னும் மக்கள் மனதில் இருக்கிறது. கடன் கொடுக்கவே மாட்டேன் என்றால் வியாபாரம் பாதியாகும். கொடுத்துக்கொண்டே இருந்தால் முதல் போய்விடும். என் முறை இது: புது ஆளுக்குக் கடன் இல்லை. பழக்கமானவருக்குப் பாதி உடனே, பாதி அடுத்த சம்பளத்தில். பழைய பாக்கி தீராமல் புதுச் சேலை இல்லை. மொத்தப் பாக்கி என் முதலில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த வாரம் சரக்கு எடுக்கப் போவதில்லை, வசூலுக்கு மட்டும் போவேன்.

வாங்கியது, கொடுத்தது, மிச்சம் மூன்றையும் நோட்டில் எழுதி அவர் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். பாக்கியை நாலு பேர் எதிரில் மட்டும் கேட்காதீர்கள். ஸ்டாஃப் ரூமில் வைத்து ஒருவரிடம் "அந்த முந்நூறு" என்று வாயெடுத்தால், பணம் வரும், ஆள் போய்விடுவார். அவரோடு இன்னும் மூன்று பேரும் போய்விடுவார்கள். தனியாகப் பார்க்கும்போது மெதுவாகக் கேட்டால் போதும், பெரும்பாலான பெண்கள் சேலைக் கடனை ஏமாற்றமாட்டார்கள், தள்ளிப்போடுவார்கள் அவ்வளவுதான்.

சேலைச் சீட்டு என்று மாதாமாதம் முன்கூட்டியே பணம் வசூலிப்பதில் இறங்க வேண்டாம். பிறர் பணத்தை வாங்கி வைத்துக்கொள்வது வேறு தொழில், அதற்கு வேறு சட்டம், வேறு பொறுப்பு.

மொத்த ஆர்டர்

உண்மையான வருமான உயர்வு எனக்கு இதில்தான் வந்தது. வளைகாப்பு, காதுகுத்து, கோயில் கும்பாபிஷேகம், பள்ளி ஆண்டு விழா, மகளிர் குழுக் கூட்டம் என்று இப்போது எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிச் சேலை கேட்கிறார்கள். 25, 30 சேலை ஒரே ஆர்டரில் போகும். ஒரு சேலைக்கு 80 ரூபாய் மட்டுமே வைத்தாலும் ஒரே நாளில் 2,000 ரூபாயாவது நிற்கும், தூக்கிக்கொண்டு அலையும் வேலையும் இல்லை. ஒரு சேலையை மாதிரிக்குக் கொடுத்து, எல்லோரும் பார்த்து ஒத்துக்கொண்டபின் பாதிப் பணம் முன்பணமாக வாங்கிக்கொண்டு ஆர்டர் போடுங்கள். இதில் கவனிக்க வேண்டியது சாயம். முப்பதும் ஒரே தடவையில் சாயம் போட்டதாக இருக்க வேண்டும். பிறகு வந்து இரண்டு சேலை கூடக் கேட்டால் நிறம் கொஞ்சமாவது மாறும், அதனால் ஆர்டர் போடும்போதே இரண்டைக் கூடுதலாக எடுக்கச் சொல்லுங்கள். குழு போட்டோவில் நிறம் மாறிய அந்த ஒரு சேலைதான் எல்லோர் கண்ணிலும் படும்.

கம்பெனியில் சேர்ந்து விற்பது

சோப்பு, சத்துமாவு, டப்பா, அழகுப்பொருள் விற்கும் கம்பெனிகளில் சேரலாமா என்றும் கேட்கிறார்கள். பொருள் நல்லதாக இருந்து, நீங்கள் விற்பதால் மட்டுமே பணம் வருமென்றால் அதுவும் நேரடி விற்பனைதான். பிளாஸ்டிக் டப்பாக்கள் விற்கும் டப்பர்வேர் 1996இல் இந்தியாவுக்கு வந்தபின் நகரத்துப் பெண்கள் பலர் வீட்டில் நாலு பேரைக் கூட்டி வைத்துப் பொருளைக் காட்டி விற்கப் பழகியது அதன் மூலம்தான். ஆனால் அதே நிறுவனத்தின் அமெரிக்கத் தலைமை 2024 செப்டம்பரில் திவால் மனு போட்டது. ஒரே கம்பெனியின் சரக்கை மட்டும் நம்பினால் அங்கே நடப்பது நம் அடுப்படிவரை வரும். கம்பெனிப் பொருளை விற்றாலும் வாடிக்கையாளர் பெயரும் போன் நம்பரும் உங்கள் சொந்த நோட்டில் இருக்கட்டும்.

மத்திய அரசு 2021 டிசம்பரில் நேரடி விற்பனைக்கென்றே விதிகள் போட்டிருக்கிறது. புதிதாகச் சேருகிறவர் கட்டும் பணத்திலிருந்து மேலே இருப்பவருக்குக் கொடுக்கும் ஆள்சேர்ப்புப் பிரமிடு திட்டம் நடத்தக் கூடாது. விற்பவரோடு எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும். சேர்ந்தபின் குறிப்பிட்ட காலத்துக்குள் அபராதம் இல்லாமல் விலகும் வசதி வேண்டும். விற்கப் போகிறவர் அடையாள அட்டை இல்லாமலும், முன்கூட்டி அனுமதி கேட்காமலும் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகக் கூடாது. பணச்சுழற்சித் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம் 1978லேயே இருக்கிறது.

சட்டப் புத்தகம் படிக்காமலே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கூட்டத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். பொருளைப் பற்றி எவ்வளவு நேரம் பேசுகிறார்கள், கார், வீடு, வெளிநாட்டு டூர் பற்றி எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்று பாருங்கள். சேரப் பணம் கட்டச் சொன்னாலோ, 15,000 ரூபாய்க்குச் சரக்கு எடுத்தால்தான் "லெவல்" கிடைக்கும் என்றாலோ, "முதலில் உங்கள் சொந்தக்காரர்கள் பட்டியல் எழுதுங்கள்" என்றாலோ எழுந்து வந்துவிடுங்கள். உங்களுக்குக் கீழே யாருமே சேராவிட்டாலும் இந்தப் பொருளை விற்று மாதம் எவ்வளவு நிற்கும் என்று கேளுங்கள். நேராகப் பதில் வரவில்லையென்றால் அது விற்பனை இல்லை. தங்கை, நாத்தனார், பக்கத்து வீட்டுக்காரி என்று உறவுகளை இழந்து நிற்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். போன பணத்தைவிட அந்த வேதனை பெரிது.

முதலும் காகிதங்களும்

பத்தாயிரம் ரூபாய் சொந்தமாக இருந்தால் அதிலேயே தொடங்குங்கள். நகையை அடகு வைக்க வேண்டாம், மீட்டர் வட்டி பக்கமே போக வேண்டாம். வியாபாரம் ஓடும் என்று தெரிந்தபின் மகளிர் குழுக் கடனோ, வங்கியில் முத்ரா என்ற மத்திய அரசுத் திட்டத்தில் சின்ன வியாபாரிகளுக்குக் கொடுக்கும் சிசு கடனோ கேட்கலாம். சிசுவில் 50,000 ரூபாய் வரை ஜாமீன் சொத்து இல்லாமல் கொடுக்கிறார்கள். சிறு தொழில் செய்கிறவர்களுக்கான உத்யம் பதிவை ஆதாரை வைத்து இணையத்தில் இலவசமாகவே செய்துகொள்ளலாம், அதற்கு ஆயிரம் இரண்டாயிரம் கேட்கிறவர்களுக்குக் கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டுக்குள் மட்டும் சரக்கு விற்கும் சின்ன வியாபாரிக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் இல்லை. பெங்களூரில் இருக்கும் ஒருவருக்கு நீங்களே அனுப்பி விற்கத் தொடங்கினால் கதை மாறும், அப்போது ஒரு கணக்காளரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வியாபாரத்துக்கென்று தனி வங்கிக் கணக்கும் தனி கியூஆர் அட்டையும் வையுங்கள். 650 ரூபாய் வந்தால் அதில் 500 முதல், அது வீட்டுக்கு வரக் கூடாது. கேஸ் சிலிண்டருக்கு, பிள்ளை பீஸுக்கு என்று அதிலிருந்து எடுத்தால் அடுத்த முறை இருபதுக்குப் பதில் பதினான்கு சேலைதான் எடுக்க முடியும், பிறகு ஒன்பது. தொழில் நின்றுபோன பெண்களில் நான் பார்த்த பெரும்பாலோருக்கு விற்பனை குறைந்ததே கிடையாது, முதல்தான் கரைந்து போனது. ஒவ்வொரு சேலையின் உள் மடிப்பிலும் ஒரு சின்னத் துண்டுக் காகிதத்தில் வாங்கிய தேதியையும் விலையையும் குறித்துப் பின் செய்து வையுங்கள்.

அந்தத் தேதி இன்னொன்றுக்கும் உதவும். இரண்டு மாதம் தாண்டியும் பையிலேயே இருக்கும் சேலையை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் வாங்கிய விலைக்கே கொடுத்துவிடுங்கள். 500 ரூபாய் கைக்கு வந்தால் அதைக் கொண்டு யாரோ கேட்ட சேலையை வாங்கலாம். அப்படிக் கழித்துக் கொடுக்கும்போது, அது ஏன் போகவில்லை என்பதையும் நோட்டில் எழுதுங்கள்: கரை அகலம், நிறம் மங்கல், துணி தடிப்பு, விலை கூட. மார்கழியில் கல்யாணம் இருக்காது, கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். அந்த மாதம் உட்கார்ந்து இந்தக் குறிப்புகளையும், தை, வைகாசிக்கு யார் யார் என்ன கேட்டிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்து அடுத்த கொள்முதல் பட்டியலை எழுதிவிடுவேன். நீங்கள் புதிதாகத் தொடங்குகிறீர்கள் என்றால் சரக்கு எடுப்பதற்கு முன்பே தெரிந்த பதினைந்து பெண்களிடம் என்ன நிறம், என்ன விலை, எதற்காக என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அந்தப் பட்டியலோடு பேருந்து ஏறுங்கள்.